பழைய வெள்ளி டாலர் மீண்டும் வரலாமா?

கேள்வி: அமெரிக்காவின் பழைய மார்கன், பீஸ் வெள்ளி டாலர்களை அதே வடிவத்தில் மறுபடி வெளியிடுவது சரியா? நாணயம் சேர்ப்பவர்களிடையே இதில் இரு கட்சி இருக்கிறதே!

பதில்: 1921 வெள்ளி டாலர்களின் நூற்றாண்டு நினைவாக 2021-இல் வெளியிட்டது சரி, ஆண்டுதோறும் தொடர்வது சரியல்ல.

எதிர்ப்பவர்கள் அஞ்சுவதுபோல் அசலோடு குழப்பம் வராது. பழையதில் வெள்ளி 90 சதவீதம், மீதி செம்பு, புதியது 99.9 சதவீத வெள்ளி. ஆண்டும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1921 பீஸ் டாலரில் உருவம் மிகவும் புடைத்திருந்ததால் அச்சு சரியாக விழவில்லை. மறு ஆண்டே புடைப்பைத் தாழ்த்திவிட்டார்கள். தாழ்த்தும் முன்பிருந்த அந்த அழகை இன்றைய தலைமுறையும் கையில் ஏந்திப் பார்க்கட்டும்.

ஆனால், ஃபிலடெல்ஃபியாவில் அச்சடித்த மார்கன் டாலரில், எப்போதோ மூடிவிட்ட கார்சன் சிட்டி நாணயச்சாலையின் 'சிசி' முத்திரையைப் பதித்ததை ஏற்க முடியவில்லை. நாணயம் என்பது வரலாற்றுச் சான்று. அது பிறந்த இடத்தை உள்ளபடி சொல்ல வேண்டும். மேலும், பழைய வடிவங்களையே நம்பியிருந்தால் இன்றைய சிற்பிகளுக்கு ஏது வாய்ப்பு?

நீங்கள் சேகரிக்கத் தொடங்குபவர் என்றால், முதலில் தேய்ந்ததாயினும் ஓர் அசல் மார்கனை வாங்குங்கள். புதியதைப் பிறகு பார்க்கலாம்.