தண்டு உணவு, வேர் மருந்து, இலை நஞ்சு

ஒரே செடி. அதன் தண்டைத் தின்னலாம். வேர் மருந்தாகும். இலையைச் சமைத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. இப்படியும் ஒரு செடி உண்டா?

உண்டு. அதன் பெயர் ரூபார்ப். இமயமலையில் வளர்கிறது. காஷ்மீர், லடாக், இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட், சிக்கிம் ஆகிய இடங்களில், பத்தாயிரம் அடி உயரத்திலும் அதற்கு மேலும் மலைச் சரிவுகளில் காணலாம். இது குளிர் தேசத்துச் செடி.

"நாங்கள் பார்த்ததே இல்லையே" என்பீர்கள். செடியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் அதன் வேரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி என்று விற்கிறார்களே, மஞ்சள் நிறத்தில் காய்ந்த துண்டு? அது இந்த இனத்துச் செடியின் வேர்தான். ரேவந்த் என்பது பாரசீக மொழியில் இந்தச் செடியின் பெயர். சீனி என்றால் சீன நாட்டுச் சரக்கு என்று பொருள். ரேவந்த் சீனி நம் வாயில் ரேவல்சின்னி ஆகிவிட்டது. நாம் சர்க்கரையைச் சீனி என்கிறோம் அல்லவா? அதுவும் இதே சொல்தான்.

பனிக்காலத்தில் இந்தச் செடி மேலே பட்டுப்போகும். வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். பனி உருகியதும் துளிர்க்கும். இலை முறம்போல் அகலமாக விரியும். சேம்பு இலைக்கு இருப்பதுபோல ஒவ்வோர் இலைக்கும் நீண்ட, தடித்த தண்டு உண்டு. அது பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும். பூக்கும்போது செடி ஆள் உயரத்துக்கு நிற்கும்.

சிக்கிமில் இன்னொரு வகை இருக்கிறது. அதன் மேல் இலைகள் வெளிறிய மஞ்சள் நிறம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்து பூக்களைக் குளிரிலிருந்து காக்கும். வேறு மரமே இல்லாத சரிவில் அது தனியாக நிற்கும். தூரத்தில் யாரோ வெள்ளைப் போர்வை போர்த்தி நிற்பதுபோலத் தெரியும்.

மலை மக்கள் தண்டைத்தான் தின்கிறார்கள். லடாக்கில் இதை லச்சு என்பார்கள். ஆடு மேய்ப்பவர்களும் குழந்தைகளும் தண்டை ஒடித்து, தோலை உரித்து, உப்பைத் தொட்டுக்கொண்டு பச்சையாகவே கடிப்பார்கள். நல்ல புளிப்பு. புளிச்சகீரை தின்றவர்களுக்கு அந்தப் புளிப்பு எப்படி என்று தெரியும். மிளகாய், உப்பு சேர்த்து அரைத்தால் சட்டினி. புளியே வேண்டாம்.

இமாசலத்தில் லாஹௌல் என்று ஒரு பள்ளத்தாக்கு. 2020-ஆம் ஆண்டு மலையைக் குடைந்து சுரங்கச் சாலை திறந்தார்கள். அதுவரை பனிக்காலத்தில் மாதக் கணக்கில் அங்கே சாலை வழி அடைபட்டுக் கிடக்கும். அப்படிப்பட்ட மலை ஊர்களில் காய்ந்த காய்கறியைத் தின்று தின்று நாக்கு செத்திருக்கும். அப்போது முதலில் முளைக்கும் பச்சைத் தண்டின் அருமை எப்படி இருக்கும்! யோசித்துப் பாருங்கள்.

இங்கிலாந்தில் இதைச் சர்க்கரை போட்டு வேகவைத்துப் பழம்போலத் தின்பார்கள். ஜாம் செய்வார்கள். ஈரானில் ஆட்டிறைச்சிக் குழம்பில் புதினாவுடன் சேர்ப்பார்கள். சமைப்பது எளிது. நார் எடுத்து, விரல் நீளம் நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டால் பத்து நிமிடத்தில் குழைந்துவிடும். அலுமினியப் பாத்திரம் மட்டும் கூடாது. புளிப்பு அதை அரிக்கும். எவர்சில்வரிலோ மண்சட்டியிலோ சமைக்க வேண்டும்.

சத்து எப்படி? 100 கிராம் தண்டில் ஏறக்குறைய 94 கிராம் தண்ணீர்தான். நார்ச்சத்து 2 கிராம் அளவு உண்டு. அது மலம் இளக உதவும். வைட்டமின் சி கொஞ்சம் உண்டு. சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஆனால் தண்டில் உள்ள ஆக்சாலிக் அமிலம் அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் உடம்பில் சரியாகச் சேராது. ஆகவே சத்துக்காக இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதற்கு நம் வீட்டுக் கொல்லை முருங்கைக்கீரை எவ்வளவோ மேல். ருசிக்குத் தின்னலாம், அவ்வளவுதான். புளிப்பை அடக்கச் சர்க்கரையை அள்ளிக் கொட்டினால் நீரிழிவுக்காரர்களுக்கு ஆகாது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தண்டையும் ஒதுக்குவது நல்லது.

ஆக்சாலிக் அமிலம் என்றால் என்ன? சேனைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கு அரிக்கிறதே, அதற்குக் காரணம் இந்த அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்த ஊசி போன்ற துகள்கள். ரூபார்ப் இலையில் இந்த அமிலம் தண்டைவிட அதிகம். வயிற்றைப் புரட்டும். வாந்தி வரும். சிறுநீரகம் கெடும். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் காய்கறித் தட்டுப்பாடு வந்தது. இந்த இலையைக் கீரைபோலச் சமைக்கலாம் என்று மக்களுக்குச் சொன்னார்கள். நம்பித் தின்றவர்களில் சிலர் இறந்தே போனார்கள். வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். தண்டை ஒடித்ததும் இலையை வெட்டிக் குப்பைக் குழியில் போட்டுவிட வேண்டும். ஆடு மாடு தின்னும் இடத்தில் போடக் கூடாது.

இனி வேர். இது பழைய காலத்திலிருந்தே பேதி மருந்து. மார்க்கோ போலோ சீனாவுக்குப் போன 13-ஆம் நூற்றாண்டிலேயே வணிகர்கள் இதை வாங்கி உலகெங்கும் கொண்டுபோனார்கள். உத்தராகண்டில் இதை டோலு என்பார்கள். அடிபட்ட வீக்கத்துக்கு அரைத்துப் பூசுவார்கள். கம்பளிக்கு மஞ்சள் சாயமும் ஏற்றலாம்.

மருந்துதானே என்று வேரை அளவில்லாமல் எடுக்கக் கூடாது. பேதி அதிகமானால் உடம்பில் நீரும் உப்பும் வற்றும். தினமும் சாப்பிட்டால் குடல் சோம்பிவிடும். பிறகு மருந்து இல்லாமல் மலம் போகாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இதைத் தொடக் கூடாது. வயிறு சரியில்லை என்று கைக்குழந்தைக்கு உரைத்து ஊற்றவே கூடாது. வயிற்று வலி எதனால் என்று தெரியாமலும் பேதி மருந்து கொடுக்கக் கூடாது. குடல்வால் வீங்கியிருந்தால் அது வெடித்துவிடலாம். இதைச் சாப்பிட்டவருக்குச் சிறுநீர் மஞ்சளாகவோ சிவப்பாகவோ போகும். அது வேரின் சாயம்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மக்கி என்று ஒரு மரம் இருக்கிறது. அதன் மஞ்சள் பிசினையும் சிலர் ரேவல்சின்னி என்பார்கள். அது மிகக் கடுமையான பேதி மருந்து. பெயர் ஒன்று, பொருள் வேறு. கடைக்காரர் கொடுப்பது வேரா, பிசினா என்று கேளுங்கள். பொட்டலத்தில் எழுதியிருந்தால் எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். எத்தனை கிராம், எத்தனை நாள் என்பதைச் சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையில் இந்தச் செடி இப்போது குறைந்து வருகிறது. தண்டை ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். புதுச் செடியின் வேர் பருக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதனால் இதை வயலில் பயிரிடும் முயற்சியும் நடக்கிறது.

பேசுங்கள், எழுதுங்கள்

உங்கள் ஊரில் ஒரு பகுதியைத் தின்னலாம், இன்னொரு பகுதியைத் தின்னக் கூடாது என்று சொல்லும் செடி எது? யார் அதை உங்களுக்குச் சொன்னார்கள்?

உங்கள் வீட்டில் உள்ள ஒரு மருந்துப் பொட்டலத்தை எடுங்கள். அதில் யார் சாப்பிடக் கூடாது என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் அந்த வரியைப் பார்த்து எழுதுங்கள்.