புது வண்டிக்கு மேற்பூச்சு வேண்டுமா?

புதிய கார் வாங்கப் போகும் வீட்டில் ஒரு காகிதம் கைமாறிக் கொண்டிருக்கும். வண்டியின் விலை, சாலை வரி, பதிவுச் செலவு, காப்பீடு என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, கடைசியில் 'பெயிண்ட் பாதுகாப்பு' என்றோ 'டெஃப்லான் கோட்டிங்' என்றோ 'செராமிக் கோட்டிங்' என்றோ ஒரு தொகை போட்டிருக்கும். சிறுசேரியில் இருப்பவரானால் விற்பனையாளர் கூடுதலாக ஒரு வார்த்தையும் சொல்வார்: "உங்கள் பக்கம் கடற்காற்று, சார். பூச்சுப் போடாவிட்டால் இரண்டே வருஷத்தில் துரு ஏறிவிடும்."

அப்பா யோசிக்கிறார். அம்மா, "இவ்வளவு செலவழித்த பிறகு இதில் மிச்சம் பிடிப்பானேன்?" என்கிறார். பக்கத்தில் நிற்பது நீங்கள். உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? சின்னப் பிள்ளை என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை காணத் தேவையான அறிவியல் பெரும்பாலும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

விற்பனையாளரின் பேச்சில் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். கடற்காற்றால் துரு ஏறும் என்பது ஒன்று. இந்தப் பூச்சு அதைத் தடுக்கும் என்பது மற்றொன்று. முதலாவது உண்மையாக இருப்பதாலேயே இரண்டாவதும் உண்மையாகிவிடாது. இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

உப்பு எப்படி ஊருக்குள் வருகிறது?

பழைய மாமல்லபுரம் சாலையில் நின்று கிழக்கே நோக்கினால் பக்கிங்ஹாம் கால்வாய், முட்டுக்காட்டுக் கழிமுகம், அதற்கப்பால் கோவளம் கடற்கரை. தெற்கே உப்பளங்களுக்குப் பேர்போன கேளம்பாக்கம். கடலில் அலை உடையும்போது காற்று நீருக்குள் புகுந்து எண்ணற்ற குமிழ்களாகிறது. குமிழ்கள் மேலே வந்து வெடிக்கும்போது மிக நுண்ணிய நீர்த்துளிகள் தெறிக்கின்றன. கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு அல்லவா? துளியின் நீர் ஆவியாக, உப்புத் துகள் காற்றில் மிதக்கிறது. பிற்பகல் கடற்காற்று அதை நிலத்துக்குள் தள்ளிக்கொண்டு வருகிறது. பெரிய துகள்கள் கரையோரத்திலேயே விழுந்துவிடும். சிறியவை சில கிலோமீட்டர் தூரம் வந்து சேரும். ஆகவே கோவளம் கடற்கரையோரம் நிற்கும் வண்டிக்கும் சிறுசேரியில் நிற்கும் வண்டிக்கும் கிடைக்கும் உப்பு ஒரே அளவு அன்று. ஆனால் இரண்டுக்கும் கிடைக்கிறது.

உலர்ந்த உப்பு இரும்பை ஒன்றும் செய்யாது. சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் நசநசப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து கரைசலாகிவிடும். கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும்! நம் கடற்கரையில் ஆண்டின் பல மாதங்களில், இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் 75ஐத் தாண்டிவிடுகிறது. எனவே மழை பெய்யாமலே வண்டியின்மேல் உப்புக் கரைசல் ஒன்று மெல்லியதாகப் படர்ந்திருக்கும்.

அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். அதாவது அது ஒரு மின்பகுளி. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ் என்ற அறிஞர் இதை ஓர் அழகான சோதனையால் விளக்கினார். தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டார். துளியின் ஓரத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதில் கிடைக்கும், நடுவில் குறைவு. அதனால் ஓரம் எதிர்மின்வாயாகவும் நடு நேர்மின்வாயாகவும் ஆகி, ஒரே சொட்டு ஒரு மின்கலமாக வேலை செய்கிறது. நடுவில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகக் கரைகிறது. ஓரத்தில் ஹைட்ராக்சில் அயனிகள் உண்டாகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் துரு வளையமாகப் படிகிறது. இங்கே ஒன்றை மனத்தில் வையுங்கள்: இவ்வளவும் நடக்க, உப்புநீர் இரும்பைத் தொட வேண்டும்.

விலை கொடுத்து வாங்கிய பூச்சு ஏற்கனவே இருக்கிறது

காரின் வெளித்தகட்டில் இரும்பு வெளியே தெரிகிறதா? தெரியவில்லை. தொழிற்சாலையில் அதன்மேல் முதலில் துத்தநாக பாஸ்பேட் படிகங்கள் ஓரிரு மைக்ரான் கனத்துக்கு வளர்க்கப்படுகின்றன. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) பிறகு வண்டியின் உடல் முழுவதையும் பெரிய தொட்டியில் அமிழ்த்தி, சில நூறு வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். நேர்மின்னேற்றம் பெற்ற பெயிண்ட் துகள்கள் எதிர்மின்வாயாகிய வண்டியை நோக்கிச் சென்று படிகின்றன. நீங்கள் படித்த தாமிர முலாம் பூசும் சோதனைக்கு இது தம்பி முறை.

இதில் வியக்கத்தக்க ஒன்று உண்டு. பெயிண்ட் படிந்த இடம் மின்கடத்தாப் பொருளாகிவிடுவதால் அங்கே மேலும் படியாது. மின்னோட்டம் இன்னும் பெயிண்ட் படியாத மூலை முடுக்குகளைத் தேடிப் போகும். கதவுக்குள், சட்டத்துக்குள், கை நுழையாத பொந்துகளுக்குள் எல்லாம் பூச்சு ஏறிவிடும். மின்முறையில் பெயிண்ட் பூசும் இந்த உத்தியை ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவர் என்ற வேதியியலாரும் அவருடைய குழுவினரும் 1960களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். வண்டியை எதிர்மின்வாயாக்கும் இன்றைய முறை 1970களின் பிற்பகுதியில் பரவியது. அந்த ஃபோர்டு நிறுவனம் நம் செங்கல்பட்டுப் பக்கம் மறைமலை நகரில் கார்கள் செய்துவந்து, 2022இல் உற்பத்தியை நிறுத்தியது.

மின்முறைப் பூச்சு சுமார் 20 மைக்ரான். அதன்மேல் இடைப்பூச்சு, நிறப்பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற 'கிளியர் கோட்' சுமார் 40 மைக்ரான். மொத்தம் ஏறக்குறைய 100 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் கனத்தைவிடச் சற்று அதிகம். இவ்வளவும் சூளையில் வைத்துப் பக்குவப்படுத்தப்பட்டவை. கடைக்காரர் இதன்மேல் போடும் மெழுகுப் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. செராமிக் பூச்சு ஓரிரு மைக்ரான். 100 மைக்ரான் தடுத்து நிறுத்தும் உப்புநீரை 101ஆவது மைக்ரான் வந்துதான் தடுக்க வேண்டுமா?

நீர்த்துளி முத்து முத்தாக நிற்கிறதே!

ஷோரூமில் செய்து காட்டும் வித்தை இதுதான். பூச்சிட்ட பகுதியில் தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டு திரண்டு ஓடும். பூச்சில்லாத பகுதியில் பரவி நிற்கும். பார்ப்பவர் மயங்கிப் போவார். இதை நீங்களே வீட்டில் செய்யலாம். ஒரு கண்ணாடித் துண்டின் பாதியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். கண்ணுக்கு மெழுகு தெரியாது. ஆனால் தண்ணீர் விட்டால் அந்தப் பாதியில் மட்டும் துளிகள் குவிந்து நிற்கும்.

துளியின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் கோணத்துக்குத் தொடுகோணம் என்று பெயர். சுத்தமான பெயிண்டின்மேல் அது 90 டிகிரிக்குக் குறைவு. மெழுகின்மேல் 100 முதல் 110 வரை. தாமரை இலையில் 150க்கும் மேல். தொடுகோணத்தை நிர்ணயிப்பது பரப்பின் மேலடுக்கு மூலக்கூறுகள் மட்டுமே. அடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு கனம் என்பது துளிக்குத் தெரியாது. ஆகவே துளி உருளுவது 'மேலே மெழுகு போன்ற ஏதோ ஒன்று இருக்கிறது' என்பதற்குச் சான்று; வண்டி காக்கப்படுகிறது என்பதற்குச் சான்று அன்று. நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவினால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். குவிந்து நின்ற ஒவ்வொரு துளியும் காயும்போது தன் உப்பையெல்லாம் ஒரே இடத்தில் வட்டமாக விட்டுச் செல்லும்!

'ஒன்பது எச் கடினம்' என்ற விளம்பரமும் உண்டு. வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9 போலும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது மோஸ் அளவுகோல். இது பென்சில் அளவுகோல். 9எச் என்ற கடினமான பென்சிலால் கீறினாலும் கீறல் விழாது என்பதே பொருள். பழைய கண்ணாடிப் புட்டி ஒன்றின்மேல் உங்களிடம் உள்ள மிகக் கடினமான பென்சிலால் அழுத்திக் கீறுங்கள், ஒன்றும் ஆகாது. பிறகு கோவளத்துக் கடல்மணல் ஒரு சிட்டிகையை வைத்துக் கட்டையால் தேய்த்துப் பாருங்கள். மணலில் உள்ள குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7. கண்ணாடி சுமார் ஐந்தரை. வண்டியைக் கீறுவது பென்சிலா, மணலா?

புறஊதாக் கதிரிலிருந்து காக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. கிளியர் கோட்டிலேயே புறஊதாக் கதிரை விழுங்கும் பொருளைக் கலந்திருக்கிறார்கள். 40 மைக்ரான் கடந்த பிறகு நூற்றில் ஒரு பங்கு கதிர்தான் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மைக்ரானும் தனக்கு வரும் கதிரில் ஒரே விகிதத்தைத்தான் கடத்தும். எந்த எண்ணை 40 முறை தன்னோடு பெருக்கினால் 0.01 வரும்? மடக்கை அட்டவணையைப் பாருங்கள், 0.89 வரும். அதே திறமுள்ள பொருளை ஒரு மைக்ரான் கூடுதலாகப் பூசினால் 100இல் 89 பங்கு கதிர் அதைக் கடந்துவிடும்.

டெஃப்லான் கதை இன்னும் எளிது. 1938இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட பொருள் அது. உருகுநிலை 327 டிகிரி செல்சியஸ். தோசைக்கல்லில் படலமாகப் பிடிக்க அதற்கும் மேலே சூடாக்குகிறார்கள். காரின் கிளியர் கோட் சூளையில் சுமார் 140 டிகிரியில் பக்குவமானது. டெஃப்லான் உருகும் சூட்டில் அது கருகிவிடும். கையால் தேய்த்துத் துடைக்கும் பசையில் டெஃப்லான் தூள் இருந்தாலும் அது உருகிப் படலமாக வழியில்லை. மெழுகோடு மெழுகாக இருந்து, கழுவக் கழுவப் போய்விடும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். செராமிக் பூச்சு மெழுகைவிட நீண்ட நாள் நிற்கும், அழுக்கு எளிதில் கழுவிப் போகும், பளபளப்பும் கூடும். வண்டி மின்ன வேண்டும் என்று விரும்புபவர் அதற்காகவே வாங்கினால் தவறில்லை. கல் தெறித்துப் பெயிண்ட் பெயராமல் இருக்க 150, 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரித்தேன் படலம் ஒட்டுகிறார்கள். அது சொன்னதைச் செய்யும், விலைதான் அதிகம். 2025இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்கும் சிலிக்கானும் ஆக்சிஜனும் பிணைந்த பாலிசிலாக்சேன் பெயிண்ட்தான். ஆனால் அது எஃகின்மேல் பல அடுக்காக, கனமாக இட்ட அமைப்பின் மேலடுக்கு. துடைத்து விட்ட ஓரிரு மைக்ரான் அன்று.

துரு உண்மையில் எங்கே தொடங்குகிறது?

பழைய கார் ஒன்றைச் சுற்றி வந்து பாருங்கள். கூரையின் நடுவிலோ கதவின் நடுவிலோ துருவைக் காண்பது அரிது. கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவின் உள்பக்கம், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று மடியும் தையல், கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த புள்ளி ஆகியவையே அதன் இருப்பிடங்கள். உப்பும் சேறும் தங்கி ஈரம் காயாத இடங்கள் இவை. மேற்பூச்சுக்காரர் துணி எட்டும் இடத்தில்தான் தேய்ப்பார். துரு துணி எட்டாத இடத்தில் இருக்கிறது.

அப்படியானால் அடிப்பாகத்துக்குத் தார் போன்ற பூச்சு அடிக்கிறார்களே, அது? கடலோரத்தில் அதற்குப் பயன் உண்டு. சுத்தமான, உலர்ந்த பரப்பில், கவனமாக அடித்தால். அவசரத்தில் அடித்தால் கதவு, சட்டங்களின் அடியில் நீர் வடிவதற்காக விட்டிருக்கும் துளைகள் அடைபட்டுவிடும். நாளாவட்டத்தில் பூச்சு வெடித்தால் உப்புநீர் அதற்குள் புகுந்து வெளியேற முடியாமல் நிற்கும், கண்ணுக்கும் தெரியாது. முதலில் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்து, தொழிற்சாலையிலேயே அடித்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்வது நல்லது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூச்சுக்கு 15,000 ரூபாய் என்று கொள்வோம். அதையும் கடனோடு சேர்த்து, ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டு மாதத் தவணையாகக் கட்டினால் ஏறத்தாழ 18,700 ரூபாய் ஆகும். பூச்சு அதற்கு முன்பே போய்விடலாம், தவணை போகாது. கையெழுத்திடுமுன் அப்பா கேட்க வேண்டியது, பூச்சின் பெயரை அன்று. உத்தரவாதத் தாளில் 'துரு' என்ற சொல் இருக்கிறதா, 'பளபளப்பு' மட்டும் இருக்கிறதா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காசு கொடுத்துக் காட்டினால்தான் அது செல்லுமா என்பதை.

என் கருத்தைக் கேட்டால், சிறுசேரியில் வாங்கும் காருக்கு அந்த வரியை அடித்துவிடச் சொல்வேன். மாமல்லபுரமோ கோவளமோ போய்வந்த மறுநாள் நல்ல தண்ணீரைக் குழாயில் பிடித்துச் சக்கர வளைவுகளிலும் அடிப்பாகத்திலும் பீய்ச்சுங்கள். கதவின் அடியில் உள்ள வடிதுளைகளை ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். மணல் ஒட்டியிருக்கையில் துணி போட்டுத் தேய்க்க வேண்டாம். முதலில் தண்ணீரால் அலசுங்கள். பெயிண்ட் பெயர்ந்த புள்ளியை அதே நிறச் சிறு புட்டி வாங்கி உடனே மூடிவிடுங்கள். ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இதே முறைதான். அவற்றில் சங்கிலி, ஆரக்கம்பி, புகைக்குழாய் எல்லாம் வெளியே இருப்பதால் இன்னும் அடிக்கடி.

இனி ஒரு சோதனை. மூன்று இரும்பு ஆணிகளை உப்புக் காகிதத்தால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்ற இரண்டை உருகிய மெழுகில் தோய்த்து எடுங்கள் (பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்). மூன்றாவது ஆணியின் மெழுகில் மட்டும் ஊசியால் நீளமாக ஒரு கீறல் போடுங்கள். மூன்றையும் ஒரு தட்டில் வைத்துக் காலையும் மாலையும் உப்புநீர் தெளித்து, ஒரு வாரம் கழித்து மூன்றாவது ஆணியின் மெழுகைச் சுரண்டிவிட்டுக் கீறலின் இருபுறமும் பாருங்கள். துரு கீறலோடு நின்றதா, மெழுகுக்கு அடியிலும் சென்றதா? எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து குறித்து வையுங்கள்.