குரங்கிடமிருந்து வந்த மலேரியா

மலேரியாக் காய்ச்சல் விட்டு விட்டு வரும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஏன் அப்படி? பிளாஸ்மோடியம் என்னும் ஒட்டுண்ணி நம் இரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து, பல சேய்களாகப் பிரிகிறது. அவை அணுவை உடைத்துக்கொண்டு வெளியேறும் வேளையில்தான் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வருகின்றன. வைவாக்ஸ் என்ற இனத்துக்கு இதற்கு 48 மணி நேரம் பிடிக்கிறது. மலாரியே என்ற இனத்துக்கு 72 மணி நேரம்.

இதே வேலையை 24 மணி நேரத்தில் முடித்துவிடும் இனம் ஒன்றும் உண்டு. அதன் பெயர் நோலெசி. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் உள்ள நீண்டவால் குரங்குகளும் பன்றிவால் குரங்குகளும்தாம் அதன் சொந்த வீடு. 1932இல் கல்கத்தாவில் ராபர்ட் நோல்ஸ், பி. எம். தாஸ் குப்தா என்ற இருவர், குரங்கு இரத்தத்தை ஊசி மூலம் மனிதருக்குச் செலுத்தி, இது மனிதரையும் பற்றும் என்று காட்டினர். (திடுக்கிடுகிறீர்களா? இன்று இத்தகைய சோதனைக்கு யாரும் எளிதில் இசையமாட்டார்கள்.) நோல்ஸின் பெயரே ஒட்டுண்ணிக்கும் வைக்கப்பட்டது.

ஊசியால் ஏற்றுவது வேறு. கொசு கடித்துத் தானாக வருவது வேறு அல்லவா? 1965இல் மலேசியாவின் பகாங் காட்டில் வேலை செய்துவிட்டுத் தாயகம் திரும்பிய அமெரிக்கர் ஒருவருக்கு நோலெசி இருப்பது தெரிந்தது. அவருடைய இரத்தத்தைக் குரங்குக்குச் செலுத்திப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். பின்னர் பகாங் பகுதி ஊர்மக்களின் இரத்தத்தையும் அவ்வாறே சோதித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. எனவே, இது எப்போதோ ஒருமுறை நேரும் விந்தை என்று விட்டுவிட்டார்கள்.

அது தவறு என்று தெரிய ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆயின. சரவாக் மாநிலத்தில் காபிட் என்னும் ஊரின் மருத்துவமனையில் பலருக்கு மலாரியே இனம் என்று நுண்ணோக்கி காட்டியது. அது பெரும்பாலும் சாதுவான இனம்; இரத்தத்தில் மிகக் குறைவாகவே இருக்கும். இந்த நோயாளிகளிடமோ ஒட்டுண்ணிகள் ஏராளம்! பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் முதலியோர் டி.என்.ஏ.வைச் சோதித்தார்கள். 2004இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு நோலெசி, மலாரியே ஒருவருக்குக்கூட இல்லை. வளர்ந்த நோலெசி சிவப்பணுவின் குறுக்கே பட்டைபோல் கிடக்கும், மலாரியேயும் அப்படித்தான். தோற்றம் கண்ணை ஏமாற்றிவிட்டது.

இந்தப் பெயர்க்குழப்பம் எவ்வளவு ஆபத்தானது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஒட்டுண்ணி 10 ஆகிறது, எதுவும் சாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாளில் மலாரியே 100 ஆகும். நோலெசியோ 10,00,000 ஆகிவிடும்! அதனால்தான் இந்நோய் சில நாட்களிலேயே உயிருக்கு உலை வைக்கலாம். நல்லவேளையாக, உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் குணமாகிவிடும்.

2018 முதல் 2022 வரை, மனித மலேரியா இனங்கள் மலேசியாவுக்குள் ஒருவருக்கும் தொற்றவில்லை. பெரிய சாதனைதான். ஆனால் அதே காலத்தில் நோலெசி ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் தாக்கியது. இதைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசுக்கள் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, காட்டோரத் தோட்டங்களில் அந்தி நேரத்திலிருந்தே கடிக்கின்றன. கொசுவலையும் சுவரில் அடிக்கும் மருந்தும் அங்கே உதவுவதில்லை. நோயாளியைத் தேடிப் பிடித்து மாத்திரை கொடுக்கலாம். மரத்தின்மேல் இருக்கும் குரங்குக்கு யார் கொடுப்பது?