கல்லும் காலும் சொல்லித் தரும் ஆங்கில ஸ்பெல்லிங்



நம் கிளையின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுப்பது நான்தான். நான் ஆசிரியன் இல்லை. கிள்ளானில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கிராணி. தேவார வகுப்பு முடிந்ததும் மண்டபத்தின் பின்பக்கம் பாயை விரித்து, ஒரு வெள்ளைப் பலகையை நாற்காலியில் சாய்த்து வைத்தால் அதுதான் எங்கள் பள்ளிக்கூடம். மற்ற கிளைகளிலும் இதுபோல் வகுப்பு நடத்தும் தம்பி தங்கைகள் இருக்கிறீர்கள். நான் செய்த தப்பையும், அதற்குப் பிறகு கண்டுபிடித்த வழியையும் உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருத்தன். பள்ளி விடுமுறையில் ஈப்போவில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போய் வந்தான். வழியில் தாப்பா பக்கத்தில் பஸ் நின்றுபோனது, மழை கொட்டியது, மெக்கானிக் வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது, பக்கத்து இருக்கைப் பாட்டி எல்லாருக்கும் முறுக்கு கொடுத்தது என்று கையை ஆட்டி ஆட்டி அரை மணி நேரம் சொன்னான். "அப்படியே ஆங்கிலத்துல எழுதுடா" என்றேன். எழுதினான். மொத்தம் நாலு வரி. ஈப்போ போனேன், பாட்டியைப் பார்த்தேன், சாப்பிட்டேன், சந்தோஷப்பட்டேன்.

"பஸ் எங்கேடா காணோம்?"

"ஸ்பெல்லிங் தப்பாயிடும்ணே. தெரிஞ்ச வார்த்தையை மட்டும் எழுதினேன்."

எனக்குச் சுருக்கென்றது. போன வாரம் சொல்வதெழுதுதலில் 'பஸ்' என்ற சொல்லை அவன் 'பி-ஏ-எஸ்' என்று எழுதியபோது சிவப்பு மையில் பெரிய வட்டம் போட்டவன் நான்தான். 'பைசிக்கிள்' தப்பாக இருந்ததற்கு முப்பது தடவை எழுதச் சொன்னேன். அவன் எப்படி எழுதினான் தெரியுமா? மேலிருந்து கீழே முதலில் முப்பது 'பி', அப்புறம் முப்பது 'ஐ', அப்புறம் முப்பது 'சி'. நடுவில் 'ஒய்' வரிசையையே விட்டுவிட்டான். ஆக, முப்பது தடவையும் தப்பு.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான். ஸ்பெல்லிங் பயம் வந்த பிள்ளை தப்பாக எழுதுவதில்லை, எழுதுவதையே குறைத்துக்கொள்கிறது. ஆறாம் ஆண்டு முடிந்து முதலாம் படிவத்துக்குப் போகும்போது அந்த நாலு வரியைத்தான் கையோடு கொண்டு போகும்.

(இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் வைத்து ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.)

தப்புக்கும் காரணம் உண்டு

'பி-ஏ-எஸ்' என்று எழுதினானே, அது தப்பா? தேசிய மொழியில் அது முழுக்கச் சரி. டாக்சி, டாக்டர், போலீஸ், ஸ்டேஷன், ஐஸ்கிரீம் என்று பிள்ளைகள் தடுமாறும் பல சொற்களுக்கு மலாயில் வேறு எழுத்துக்கூட்டல் இருக்கிறது. அது கேட்டபடி எழுதும் எழுத்துக்கூட்டல். 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து அதைச் சீர் செய்தன. நம் பிள்ளை தமிழில் கேட்டதை எழுதுகிறது, மலாயில் கேட்டதை எழுதுகிறது, ஆங்கிலத்திலும் அதையே செய்கிறது. அது முட்டாள்தனம் இல்லை. இரண்டு மொழி தெரிந்த புத்திசாலித்தனம்.

அதனால் இப்போது நான் பலகையில் 'பைசிக்கிள்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஒரு பக்கமும் மலாயில் ஒரு பக்கமும் எழுதுகிறேன். மலாயில் நடுவில் ஒரு 'எஸ்', ஒரு 'கே'. ஆங்கிலத்தில் அந்த இரண்டு இடத்திலும் 'சி'. "ஒரே எழுத்து எப்படி ரெண்டு சத்தம் போடுது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வேன். அவர்களே கண்டுபிடிப்பார்கள். 'சி'க்குப் பின்னால் 'ஈ', 'ஐ', 'ஒய்' வந்தால் 'ஸ' ஓசை. மற்றபடி 'க' ஓசை. முதல் 'சி'க்குப் பின்னால் 'ஒய்' இருக்கிறது, இரண்டாவதற்குப் பின்னால் 'எல்' இருக்கிறது. சிட்டி, சர்க்கிள், பென்சில், கேக் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இந்த விதியை மீறும் சொற்கள் மிகக் குறைவு.

கல்லை, காலை

அடுத்தது, பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம். 'ரன்' என்ற சொல்லோடு 'இங்' சேர்த்தால் 'என்' இரண்டாகிறது. 'ரெயின்' என்ற சொல்லோடு சேர்த்தால் ஒன்றுதான். ஏன்?

நான் முதலில் ஆங்கிலத்தைத் தொடவே மாட்டேன். பலகையில் இப்படி எழுதுவேன்:

கல் + ஐ = கல்லை
கால் + ஐ = காலை
பல் + ஐ = பல்லை
பால் + ஐ = பாலை

"ஏன் கல்லுக்கு ரெண்டு 'ல', காலுக்கு ஒண்ணு?" ஒரு ஆறாம் ஆண்டுப் பாப்பா சொன்னாள்: "க குறில்ணே, கா நெடில்." அவ்வளவுதான், பாடம் பாதி முடிந்தது. தனிக்குறிலுக்குப் பின்னால் மெய் நின்று, அடுத்து உயிர் வந்தால் அந்த மெய் இரட்டிக்கும். நன்னூல் இதை விதியாகவே சொல்கிறது. ஆங்கிலத்திலும் அதே கதைதான். ஓரசைச் சொல், ஒரே ஒரு உயிரெழுத்து, குறில் ஓசை, கடைசியில் ஒரே ஒரு மெய். அதோடு உயிரில் தொடங்கும் விகுதி சேர்ந்தால் மெய் இரட்டிக்கும். ரன்னிங், ஸ்விம்மிங், வின்னர். தமிழில் எழுதும்போதே நம் கை இரட்டித்துவிடுகிறது, பாருங்கள். ரெயினிங், கிளீனிங் என்பவற்றில் ஓசை நெடில், இரட்டிக்காது.

விகுதி மெய்யில் தொடங்கினால்? கல் + ஐ கல்லை ஆனாலும், கல் + கள் கற்கள்தானே. அங்கே 'ல்' இரட்டிப்பதில்லை. அதுபோல 'வின்' என்ற சொல்லோடு 'எஸ்' சேர்த்தால் ஒரு 'என்' போதும். 'சிங்', 'ஹெல்ப்' போலக் கடைசியில் இரண்டு மெய் இருந்தாலும் இரட்டிக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தமிழில் 'சூப்பர்', 'பேப்பர்' என்று எழுதும்போது 'ப்' இரட்டிக்கிறது. அது வல்லின ஓசைக்காக நாம் செய்வது. அதைப் பார்த்து என் மாணவி ஒருத்தி ஆங்கிலத்திலும் இரண்டு 'பி' போட்டுவிட்டாள். சூ, பே இரண்டும் நெடில். ஆங்கிலத்தில் ஒரே 'பி'. ஆனால் இரவுச் சாப்பாட்டைச் சொல்லும் 'சப்பர்' குறில். அங்கே இரண்டு 'பி'. தமிழ் எழுத்தைப் பார்த்து எழுதக்கூடாது, குறிலா நெடிலா என்று காதால் கேட்டு எழுதவேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

ஆறாம் ஆண்டுக்கு மட்டும் இன்னொன்று. 'பிகின்' என்ற சொல்லுக்கு ஓரசை இல்லை, ஆனாலும் 'இங்' சேர்த்தால் 'என்' இரட்டிக்கும். காரணம், அதைச் சொல்லும்போது அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது. 'ஓப்பன்' என்பதில் அழுத்தம் முதலில், அதனால் இரட்டிக்காது. 'டிராவல்' ஒரு விதிவிலக்கு. நம் நாட்டில் பின்பற்றும் பிரிட்டிஷ் முறையில் இரண்டு 'எல்', அமெரிக்க முறையில் ஒன்று. பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

ஓடிப்போகும் எழுத்து

பாட்டு + ஐ = பாட்டை. 'டு'வில் இருந்த உகரம் எங்கே? உயிர் வந்ததும் அது போய்விட்டது. பாட்டு + கள் என்றால் உகரம் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் கடைசியில் சத்தமில்லாமல் நிற்கும் 'ஈ'யும் இப்படித்தான். 'கேர்' என்ற சொல்லோடு 'இங்' சேர்த்தால் 'ஈ' போய்விடும். 'ஃபுல்' சேர்த்தால் இருக்கும். 'ஸ்மைல்', 'மேக்', 'ஷைன்' எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள்.

'நோட்டீஸபிள்' போன்ற சொல்லில் உயிர் வந்தும் 'ஈ' போகாது. போனால் 'சி'க்குப் பின்னால் 'ஏ' வந்து 'க' ஓசை ஆகிவிடுமே! முன்னால் படித்த விதி இங்கே காவல் நிற்கிறது. 'ட்ரூலி', 'ஆர்கியூமென்ட்' இரண்டும் மெய் வந்தும் 'ஈ'யை விட்டுவிட்டவை. அவற்றைத் தனியாக மனப்பாடம் செய்யட்டும்.

தமிழில் ஜோடி இல்லாத விதிகள்

எல்லாவற்றையும் தமிழோடு கட்டிவிட முடியாது. 'ஒய்' விதிக்குத் தமிழில் இணை கிடையாது. 'ஸ்டோரி', 'கேரி' போல 'ஒய்'க்கு முன்னால் மெய் இருந்தால், விகுதி சேரும்போது 'ஒய்' 'ஐ' ஆகும். 'பிளே', 'மங்கி' போல முன்னால் உயிரெழுத்து இருந்தால் மாறாது. 'இங்' சேர்த்தால் எப்போதுமே மாறாது. இரண்டு 'ஐ' பக்கத்தில் நிற்க ஆங்கிலம் பெரும்பாலும் விடுவதில்லை.

ஓரசைச் சொல்லின் கடைசியில் 'க்' ஓசை கேட்டால், ஒற்றைக் குறிலுக்குப் பின் 'சி-கே' (டக், நெக், சாக்), மற்ற இடத்தில் 'கே' மட்டும் (வீக், மில்க், புக்). அதே குறிலுக்குப் பின் கடைசியில் வரும் 'எஃப்', 'எல்', 'எஸ்' பெரும்பாலும் இரட்டிக்கும்: ஆஃப், பெல், மிஸ். 'பஸ்' ஏன் இரட்டிக்கவில்லை? அது 'ஆம்னிபஸ்' என்ற நீளமான சொல்லின் வால். நம் பையனிடம் இதைச் சொன்னபோது, "அப்போ வாலை மட்டும் வெச்சுக்கிட்டாங்களா?" என்று சிரித்தான். அன்றிலிருந்து அந்தச் சொல் அவனுக்குத் தப்பியதே இல்லை.

விதி இல்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள்

'ஐ' முன்னால், 'ஈ' பின்னால், 'சி'க்குப் பிறகு மட்டும் மாறி வரும் என்று நாமெல்லாம் படித்தோம். 'தேர்', 'நெய்பர்', 'வியர்ட்', 'சயன்ஸ்' என்று அதை மீறும் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. 2009இல் பிரிட்டனில் அரசு ஆசிரியர்களுக்குத் தந்த ஒரு கையேடே, இதைக் கற்பிப்பதில் பயனில்லை என்று சொல்லிவிட்டது. நானும் விட்டுவிட்டேன்.

'நைஃப்' என்பதில் 'கே' எதற்கு என்று கேட்டால், "அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்று அதட்டாதீர்கள். ஒரு காலத்தில் இங்கிலாந்து மக்கள் அந்தக் 'கே'யை வாயால் உச்சரித்தார்கள். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சான எழுத்து மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது. வாய் மாறிக்கொண்டே போனது. 'டெட்' என்ற கடனில் இருக்கும் 'பி'யை யாரும் உச்சரித்ததே இல்லை. லத்தீன் மூலம் தெரியவேண்டும் என்று படித்தவர்கள் பின்னால் நுழைத்தது. கதை தெரிந்தால் எழுத்து மறக்காது.

வகுப்பை நடத்தும் முறை

ஒரு வாரத்துக்கு ஒரே விதி. விதியை முதலில் சொல்லாதீர்கள். எட்டுச் சொற்களைக் கலந்து எழுதி, இரண்டு கூட்டமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஏன் பிரித்தோம் என்று பிள்ளைகளே தங்கள் வாயால் சொல்லட்டும். பிறகு புதிதாக மூன்று சொல் கொடுத்து விதியைச் சோதியுங்கள். கடைசியில் இரண்டு வாக்கியம் சொல்வதெழுதுதல்.

திருத்தும்போது அந்த வார விதியை மட்டும் திருத்துங்கள். மற்ற தப்புகளை நோட்டில் மூன்று கட்டமாகப் பிரித்து நீங்களே குறித்துவையுங்கள்: மலாயிலிருந்து வந்தது, விதி தெரியாமல் வந்தது, மனப்பாடம் செய்யவேண்டியது. அடுத்த வாரம் என்ன நடத்துவது என்பதை அந்த நோட்டே சொல்லும். மனப்பாடச் சொல் வாரத்துக்கு ஐந்து போதும். பார்க்கட்டும், மூடட்டும், எழுதட்டும், திறந்து சரிபார்க்கட்டும். முப்பது தடவை வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பையனிடம் தாப்பா கதையை மறுபடி எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் முழுக்க எழுதினான். பஸ் வந்தது, மழை வந்தது, முறுக்குப் பாட்டியும் வந்தார். ஒன்பது தப்பு இருந்தது. 'ரெயினிங்' சரி, 'ரன்னிங்' சரி. 'மெக்கானிக்' மட்டும் இரண்டு 'கே' போட்டு அசல் மலாயில் இருந்தது. ஓரத்தில், "தேசிய மொழியில் முழு மார்க். ஆங்கிலத்தில் இது கிரேக்கத்திலிருந்து வந்த சொல், அடுத்த வாரம் பார்ப்போம்" என்று பென்சிலில் எழுதினேன்.

படித்துப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் எத்தனை மணிக்குண்ணே?" என்று கேட்டான்.

உங்கள் கிளையிலும் ஒரு பாய், ஒரு பலகை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கல்லையும் காலையும் பலகையில் எழுதி ஆரம்பித்துவிடுங்கள்.