டேப்லெட்டில் வரைவோம், வீட்டிலேயே அச்சிடுவோம்



போன தைப்பூசத்துக்கு எங்கள் இளைஞர் பிரிவு பத்துமலைக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டது. தொண்டர்கள் 40 பேர். எல்லாருக்கும் ஒரே மாதிரி டீ-சட்டை வேண்டும். கடையில் கொடுத்தால் பந்தல் செலவில் பாதி அதற்கே போய்விடும். அதனால் நாங்களே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்வது என்று முடிவெடுத்தோம்.

படம் வரைந்தவன் 15 வயதுத் தம்பி ஒருவன். டேப்லெட்டில் முருகன் முகத்தை அவ்வளவு அழகாக வரைந்திருந்தான். கன்னத்தில் மெல்லிய நிழல், மயிரிழை போன்ற புருவம். நான்தான், "சூப்பர்டா தம்பி, அப்படியே அடிச்சிடலாம்" என்றேன்.

அடிக்க முடியவில்லை. வலையைக் கழுவியபோது கன்னத்து நிழல் திட்டுத் திட்டாகக் கழன்றது. புருவம் திறக்கவே இல்லை. தைப்பூசத்துக்கு 9 நாள்தான் இருந்தது. "என் படம் சரியில்லையாண்ணே?" என்று அவன் கேட்டான். படம் நன்றாகத்தான் இருந்தது. வலைக்கு எப்படி வரைய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லாதது என் தப்பு. அவனிடம் அன்று சொல்லாததைத்தான் இந்தப் பாடத்தில் உங்களுக்குச் சொல்கிறேன்.

வலை எப்படி வேலை செய்கிறது?

மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டிய வலைத்துணியில் எமல்ஷன் என்ற பசையைப் பூசுகிறோம். வெளிச்சம் பட்டால் அது இறுகிவிடும். படத்தின் கறுப்பு வெளிச்சத்தை மறைக்கும் இடத்தில் இறுகாமல் இருக்கும். தண்ணீரில் கழுவினால் கரைந்து ஓடும். அந்தத் துளைகள் வழியாகத்தான் மை சட்டையில் இறங்குகிறது.

ஆக, ஓர் இடம் திறந்திருக்கும், இல்லையென்றால் மூடியிருக்கும். நடுவில் ஒன்றும் கிடையாது. சாம்பல் நிற நிழல் வெளிச்சத்தைப் பாதி மறைக்கும், பசையும் பாதிதான் இறுகும். எங்கள் முருகன் கன்னத்துக்கு நடந்தது இதுதான்.

டேப்லெட்டில் கவனிக்க வேண்டியவை

ஐபேட் இருந்தால் புரோகிரியேட் நல்லது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் கிரிட்டா இலவசமாகக் கிடைக்கிறது. எது இருந்தாலும் விதிகள் ஒன்றுதான்.

1. ஏ4 அளவுக்கு 300 டிபிஐ, அதாவது 2480 × 3508 பிக்சல் வைத்துத் தொடங்குங்கள். சின்னதாக வரைந்து பிறகு பெரிதாக்கினால் ஓரம் மங்கும்.
2. ஓரம் மங்கும் ஏர்பிரஷ் வேண்டாம். இங்க் பேனா மாதிரி கெட்டியான பிரஷ்ஷில் சுத்தக் கறுப்பில் மட்டும் வரையுங்கள்.
3. கோட்டின் தடிமன் 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 300 டிபிஐயில் அது சுமார் 12 பிக்சல். இரண்டு கோட்டுக்கு நடுவில் உள்ள இடைவெளிக்கும் இதே கணக்கு.
4. ஒரு நிறத்துக்கு ஒரு லேயர். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி வலை வேண்டும் என்பதால், முதல் முறை ஒரே நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திரையில் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு தாளில் அச்சடித்து, கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். அப்போது தெரியாத கோடு சட்டையிலும் தெரியாது.

எந்தப் படம்?

இதே விதிப்படி முகத்தைத் திரும்ப வரையலாம் என்றுதான் இருந்தோம். அப்போது சமையலுக்கு உதவ வந்த பாட்டி ஒருவர், "சாமி முகத்தப் போட்டு, வேர்வையோட வாஷிங் மெஷின்லயா போடப் போறீங்க?" என்று கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை. தம்பியே யோசித்து, "மயில் இறகு போடலாமாண்ணே?" என்றான். ஒரே இறகு, கெட்டியான 9 கோடுகள், நடுவில் கண். அரை மணி நேரத்தில் வரைந்துவிட்டான்.

வீட்டில் வலை தயாரிக்க

டீ-சட்டைக்கு 43டி வலைத்துணி போதும். சென்டிமீட்டருக்கு 43 இழை என்று அர்த்தம். பழைய மரச்சட்டத்தில் ஸ்டேப்ளர் கன்னால் அடியுங்கள். தட்டினால் மேளத் தோல் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும்.

எமல்ஷனை இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, இருட்டான அறையில் படுக்கவைத்து மின்விசிறியில் காயவிடுங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் காயாது. அவசரப்படாதீர்கள், ஈரமான எமல்ஷன் சரியாக இறுகாது.

படத்தை டிரான்ஸ்பரன்சி பிலிமில் அச்சடித்து விளக்கில் பிடித்துப் பாருங்கள். கறுப்பு வழியாக வெளிச்சம் தெரிந்தால் இரண்டு பிலிமை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். வலையின் வெளிப்பக்கத்தில், மை இருக்கும் பக்கம் எமல்ஷனைத் தொடும்படி வைத்து, மேலே கண்ணாடி வையுங்கள். உள்பக்கம் பார்த்தால் படம் நேராகத் தெரிய வேண்டும்.

அடுத்து வெளிச்சம். எவ்வளவு நேரம் என்பது விளக்குக்கு விளக்கு மாறும். முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். வலையை அட்டையால் மூடி, நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். நேரம் குறைந்தால் எல்லாம் கழன்றுவிடும், கூடினால் மெல்லிய கோடு திறக்காது. எங்கள் யூவி விளக்குக்கு 3 நிமிடம் சரியாக வந்தது. அந்த விளக்கை நேராகப் பார்க்காதீர்கள்.

அச்சிடும்போது

சட்டைக்குள் ஓர் அட்டை வையுங்கள். மை பின்பக்கம் ஊறாது. சட்டத்தின் மூலைகளில் நாணயம் ஒட்டினால் வலை துணியிலிருந்து சற்றே உயர்ந்து நிற்கும். ஸ்குவீஜி என்ற ரப்பர் கட்டையைச் சாய்த்துப் பிடித்து, ஒரே அழுத்தத்தில் இழுங்கள். தண்ணீரில் கரையும் துணி மைதான் வீட்டுக்கு ஏற்றது. காய்ந்த பிறகு பேக்கிங் தாளை மேலே வைத்து, நீராவி இல்லாமல் இஸ்திரி போடுங்கள். நேரத்தை மை டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் வலையை உடனே கழுவுங்கள். மை காய்ந்து துளை அடைத்தால் அந்த வலை அவ்வளவுதான்.

முதலில் பழைய துணியில் 3 முறை இழுத்துப் பழகினோம். பிறகு அடித்த 40 சட்டையில் 4 கெட்டது. அந்த நாலில் ஒன்றை நான் போட்டுக்கொண்டேன்.

உங்களுக்கு ஒரு பயிற்சி: உங்கள் மன்றத்தின் அடுத்த நிகழ்ச்சிக்கு ஒரே நிறத்தில், 10 கோட்டுக்கு மிகாமல் ஒரு படம் வரையுங்கள். வரைந்ததைக் காட்ட வரும் தம்பி தங்கையிடம் "சூப்பர்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கோடு வலையில் நிற்கும், எது நிற்காது என்று சேர்ந்து பாருங்கள்.