அய்யனார் கோவிலுக்கு அப்பாவை நடக்க வைப்பது எப்படி?

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்குக் குடும்பமாகப் போகிறவர்கள், வயதானவரை மட்டும் வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டுப் போவதுண்டு. மில்லில் ஷிப்டு ஷிப்டாக நின்றே வேலை பார்த்த கால்களாக இருக்கும். ஓய்வுபெற்ற பிறகு கட்டிலும் டிவியுமாகச் சுருங்கியிருக்கும். அந்தக் கால்களை மறுபடி நடக்க வைக்க முடியும். அதற்குத் தூரத்தைவிட வேகம்தான் முக்கியம்.

முதலில் பிரஷரும் சுகரும் பார்த்துவிடுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுமுட்டல், அடிக்கடி தலைசுற்றல் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது.

முதல் இரண்டு வாரம் காலையில் ஐந்து நிமிஷம், சாயங்காலம் ஐந்து நிமிஷம், சமதளத்தில், அவர் இஷ்டத்துக்கு நடக்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு ரத வீதிகளே போதும். 2023-ல் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதை 8 கிலோமீட்டர். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். வாரத்துக்கு வாரம் இரண்டு மூன்று நிமிஷம் கூட்டினால் போதும்.

வேகத்தைக் கூட்டுவது அதற்குப் பிறகு. சரியான வேகம் எது என்று அவருடைய பேச்சே சொல்லிவிடும். கூடவே நடந்துகொண்டு, "அப்பா, ராத்திரிக்கு என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். "தோசை ஊத்தச் சொல்லு, காலையில வச்ச சட்னி இருக்கு" என்று ஒரே மூச்சில் சொன்னால் சரி. "தோசை..." என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "...போதும்" என்றால் வேகம் அதிகம், உடனே குறைக்கச் சொல்லுங்கள். ஆண்டாள் ஊரில் இன்னொரு வழியும் உண்டு. திருப்பாவை தெரிந்த அம்மா, நடந்தபடியே ஒரு பாசுரத்தை வசனமாகச் சொல்ல முடிய வேண்டும், ராகம் போட்டுப் பாட மூச்சுப் பற்றக் கூடாது. சுகமாகப் பாடியே முடித்துவிட்டால் இன்னும் கொஞ்சம் எட்டிப்போடலாம். நாடியை எண்ணிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. சில பிரஷர் மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துபோவோம்.

இந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. வாரத்தில் ஐந்து நாள், அரைமணி நேரம். அங்கே வந்துசேரப் பல மாதம் ஆகலாம், ஆகட்டும்.

நடை மட்டும் போதாது. கோவில் பக்கம் கல்லும் மேடுமாக இருக்கும். தொடையில் பலம் வேண்டும். சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முதலில் ஐந்து முறை. முடியாவிட்டால் கையை ஊன்றியே எழட்டும். பிறகு சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்கலாம். விழாமல் காப்பது இதுதான். வாரத்தில் மூன்று நாள் விடாமல் செய்ய வேண்டும்.

மேட்டில் ஏறும்போது பழைய வேகம் செல்லாது. தரையில் சரியாக இருந்த நடை அங்கே மூச்சு முட்ட வைக்கும். பாதி வேகத்தில், நின்று நின்று ஏறுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தான், வாங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பையில் மிட்டாய் இருக்கட்டும். வீடு திரும்பியதும் உள்ளங்காலில் கொப்புளம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். நெஞ்சு இறுகினால், குளிர்ந்து வியர்த்தால், தாடையோ கையோ வலித்தால் நடையை அங்கேயே நிறுத்தி 108-ஐக் கூப்பிடுங்கள்.

கோவிலுக்குப் போகும் நாளை மழை இல்லாத காலமாகப் பார்த்து வையுங்கள். கோவில் பக்கத்து ஆற்றில் வெள்ளம் வந்தால் வனத்துறை யாரையும் உள்ளே விடாது. கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.