மூன்று கால் நாயின் உறக்கம்

முக்காலி மேடுபள்ளமான தரையிலும் ஆடாமல் நிற்கும். அப்படியானால், நோயினாலோ விபத்தினாலோ ஒரு கால் அகற்றப்பட்ட நாய் ஏன் விரைவில் களைத்துப் படுத்துவிடுகிறது?

தாளில் ஒரு செவ்வகம் வரையுங்கள். நான்கு மூலைகளும் நாயின் பாதங்கள். தலையும் மார்பும் முன்புறம் இருப்பதால், உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களும் 40 சதவீதத்தைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. ஆகவே ஈர்ப்பு மையத்தைச் செவ்வகத்தின் நடுவுக்குச் சற்று முன்னே குறியுங்கள். இப்போது ஒரு பின்னங்காலை நீக்கி, எஞ்சிய மூன்று மூலைகளை இணையுங்கள். ஈர்ப்பு மையம் முக்கோணத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு முன்னங்காலை நீக்கினால், அது வெளியே போய்விடும்! எனவே அந்த நாய் விழாமலிருக்க, எஞ்சிய முன்னங்காலை உடலின் நடுக்கோட்டை நோக்கி நகர்த்தி ஊன்றுகிறது. தசைகளுக்கு ஓயாத உழைப்பு.

படுத்தாலோ தாங்குபரப்பு விரிகிறது. ஈர்ப்பு மையம் தாழ்கிறது. தசைகள் ஓய்வு பெறுகின்றன. அறுவைக்குப் பிந்தைய முதல் நாட்களில் மருந்துகளின் மயக்கமும் சேர, நாய் மிகுதியாக உறங்கும். ஆனால் இரவில் முனகியபடி அடிக்கடி இடம் மாறிப் படுத்தால், அது வலியின் அறிகுறியாகலாம். கால்நடை மருத்துவரிடம் கூற வேண்டும்.

உறங்குவதைவிட, உறங்கி எழுவதே கடினம். எழும்போது பாதம் தரையைக் கீழ்நோக்கி மட்டுமன்றி, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. வழவழப்பான தரையில் உராய்வு குறைவு, கால் வழுக்கிவிடும். தாங்கிப் பிடிக்க நான்காவது கால் இல்லை. படுக்குமிடத்தில் நழுவாத சொரசொரப்பான விரிப்பு ஒன்றைப் போட்டுவையுங்கள். இழந்த காலைத் தர நம்மால் இயலாது. உராய்வைத் தர இயலும்.